டேஞ்சர் இஸ் கமிங்: வரப்போகிற ஆபத்தைச் சீன மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லித் தருவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சீனாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித் தருகிறீர்கள். புயல் வந்தாலும் போர் வந்தாலும் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தாலும் 'டேஞ்சர் இஸ் கமிங்' என்று ஒரே வாக்கியத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இம்பெண்டிங், இம்மினென்ட், லூமிங், மெனசிங், ஆமினஸ் என்று ஐந்து வார்த்தைகளைப் பலகையில் எழுதிப் போட்டீர்கள். மறுவாரம் ஐந்தையும் ஒப்பித்தார்கள், ஐந்தையும் தப்பான இடத்தில் போட்டார்கள். எங்கே கோளாறு?

நான் தெற்குச் சீனாவில் குவாங்டோங் மாகாணத்தில் நான்கு வருடம் இதே வேலை பார்த்தேன், இதே பட்டியலை இதே மாதிரி பலகையில் எழுதி இதே மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மாணவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் கைபேசியில் இருக்கிற ஆங்கில-சீன அகராதியை நீங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள். இம்பெண்டிங் என்று போட்டால் 'ஜிஜியாங் லாய்லின் தெ' என்று வரும், அதாவது சீக்கிரம் வரவிருக்கிற. இம்மினென்ட்டுக்கும் கிட்டத்தட்ட அதேதான். அப்கமிங், ஃபோர்த்கமிங் இரண்டுக்கும் அதே குடும்பம்தான், ஒரு எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தைகளாகப் பிரிந்து கிடப்பதைச் சீன அகராதி ஒரே டப்பாவில் அடைத்து மூடி போட்டுக் கொடுத்துவிட்டது. அதை நம்பிய என் மாணவி ஒருத்தி, தோழிக்கு எழுதிய வாழ்த்து அட்டையில் 'யுவர் இம்பெண்டிங் பர்த்டே' என்று எழுதினாள். இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் படிக்கிற ஆங்கிலேயருக்கு, பிறந்தநாள் அன்று அந்தத் தோழிக்கு என்னவோ நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும்.

ஆக, பொருள் சொல்லி இந்த வார்த்தைகளைப் புரியவைக்க முடியாது, பொருளில் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கிற படத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தையில் ஆபத்து தலைக்கு மேல் தொங்குகிறது, இன்னொன்றில் முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது, மற்றொன்றில் பனிமூட்டத்துக்குள் பெரிதாகிக்கொண்டே வருகிறது. நமக்குச் சாதகமான விஷயம் என்னவென்றால், இதே படங்கள் சீனர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. செங்யூ என்று நாலெழுத்துத் தொடர்கள் உண்டு, பள்ளிக்கூடத்திலேயே நூற்றுக்கணக்கில் நெட்டுருப் போட்டிருப்பார்கள். ஆபத்தைப் பற்றி மட்டும் அதில் கொட்டிக் கிடக்கிறது, ஆயிரக்கணக்கான வருடம் முற்றுகையும் வெள்ளமும் பார்த்த ஊர் ஆயிற்றே. அந்தப் படத்தை எடுத்து இந்த வார்த்தைக்கு மேல் பொருத்துங்கள். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் 'கமிங்' பற்றி ஒரு வார்த்தை. அது தப்பே இல்லை, அதை அடித்துத் திருத்தாதீர்கள். சீனத்தில் 'யாவ்' என்று தொடங்கி 'லெ' என்று முடித்தால் ஒரு விஷயம் நடக்கப்போகிறது என்று ஆகிவிடும். 'தைஃபெங் யாவ் லாய் லெ' என்றால் புயல் வரப்போகிறது. எல்லா ஆபத்துக்கும் இந்த ஒரு வாக்கியச் சட்டகம் போதும். சின்ன வயதில் கேட்ட கதையும் அப்படித்தான்: ஓநாய் வருகிறது, ஓநாய் வருகிறது என்று ஊரை ஏமாற்றிய இடையன் கதைக்குச் சீனத்தில் பெயரே 'லாங் லாய் லெ', ஓநாய் வந்தாச்சு. அது ஒரு கூச்சல். ஆங்கிலத்திலும் கூச்சல் போட 'கமிங்' தான் சரி. 1775 ஏப்ரலில், அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்குகிற நேரத்தில், பால் ரிவியர் என்பவர் குதிரையில் போய் 'தி பிரிட்டிஷ் ஆர் கமிங்' என்று கத்தினார் என்று அமெரிக்கர்கள் சொல்லிக்கொள்வார்கள், உண்மையில் அவர் சொன்னது 'ரெகுலர்ஸ்', அதாவது அரசின் நிரந்தரப் படைவீரர்கள், வருகிறார்கள் என்பதுதான், அந்த மக்களும் அப்போது பிரிட்டிஷ் குடிகள்தானே, 'பிரிட்டிஷ்' என்று கத்தினால் யாருக்கு என்ன புரியும். ஆனாலும் கவனியுங்கள், கதையிலும் நிஜத்திலும் 'கமிங்' மட்டும் மாறவில்லை. கத்துவதற்கு அது போதும். மறுநாள் உட்கார்ந்து விவரமாக எழுதும்போதுதான் போதாமல் போகிறது.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு மங்குஸ்தான். 2018 செப்டம்பர் 16 அன்று மாங்குட் என்ற பெரும்புயல் குவாங்டோங்கில் தைஷான் பக்கம் கரையைக் கடந்தது, ஹாங்காங்கில் பத்தாம் எண் கூண்டு, அதற்கு மேல் அங்கே எண்ணே கிடையாது. மாங்குட் என்பது தாய்லாந்து கொடுத்த பெயர், மங்குஸ்தான் பழம் என்று அர்த்தம். சீனர்கள் அதை அப்படியே மொழிபெயர்த்து 'ஷான்ஜூ' என்றார்கள், அதுவும் அதே பழம்தான். புயல் முடிந்து வகுப்பு திறந்ததும் அனுபவத்தை எழுதச் சொன்னேன். வந்த கட்டுரைகளில் பாதி 'மேங்கோஸ்டீன் இஸ் கமிங்' என்று தொடங்கின. பழக்கடைக்கு லோடு வந்த மாதிரி இருந்தது. மூன்று நாளாகத் தொலைக்காட்சியில் அது பெரிதாகிக்கொண்டே வந்தது, காலையில் காற்று ஒரு தினுசாக நின்றுபோனது, கதவுக்கு டேப் ஒட்டியது, கடைசி ஒரு மணி நேரம், எல்லாவற்றையும் வாயால் சொன்னார்கள், அதுவும் அழகாக. எழுத்தில் எல்லாமே கமிங். அந்தக் கட்டுரைகளை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வார்த்தையாக நுழைத்தேன்.

இம்பெண்டிங்கை முதலில் எடுங்கள். லத்தீனில் 'பெண்டெரே' என்றால் தொங்குவது. கழுத்தில் தொங்குகிற பெண்டன்ட், கடிகாரத்தில் ஆடுகிற பெண்டுலம் எல்லாம் ஒரே வேர். தலைக்கு மேல் எதுவோ தொங்கிக்கொண்டிருக்கிறது, எப்போது விழும் என்று தெரியாது, விழுவது மட்டும் நிச்சயம். சிராக்யூஸ் அரசன் டயோனிசியஸ், டாமக்ளிஸ் என்ற முகஸ்துதிக்காரனை விருந்துக்கு உட்கார வைத்துத் தலைக்கு மேல் ஒற்றைக் குதிரைமயிரில் வாளைத் தொங்கவிட்ட கதை இதுவேதான். நாம் தமிழில் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்போம், இதற்கு விளக்கமே தேவையில்லை. சீனர்களுக்கு? 'தா நான் லின் தோ' என்று ஒரு தொடர் உண்டு, பெரிய கேடு தலைமேல் வந்து நிற்கிறது என்று பொருள். அதில் வருகிற 'லின்' என்ற எழுத்தின் பழைய வடிவம், மேலே இருந்து குனிந்து கீழே இருப்பதைப் பார்க்கிற ஒரு ஆளின் உருவம். 'ஜிஜியாங் லாய்லின்' என்கிற அகராதிப் பொருளிலும் இதே எழுத்துதான் ஒளிந்திருக்கிறது, ஆனால் அங்கே யாரும் அதைப் பார்ப்பதில்லை, வெறும் 'வருவது' என்று படித்துவிட்டுப் போகிறார்கள். பலகையில் அந்த ஒரு எழுத்தை மட்டும் பெரிதாக எழுதி, உங்களைப் பார்த்து ஒருவன் மேலேயிருந்து குனிகிறான் என்று காட்டினால் வகுப்பு சட்டென்று நிமிர்ந்து உட்காரும். பிறந்தநாளுக்கு ஏன் இந்த வார்த்தை வராது என்று அதற்கப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இதன் பழக்கவழக்கம் ஒன்று சொல்லிவிட வேண்டும்: இம்பெண்டிங் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் உட்காரும். இம்பெண்டிங் ஸ்டார்ம், இம்பெண்டிங் டிவோர்ஸ் சரி. 'தி ஸ்டார்ம் இஸ் இம்பெண்டிங்' என்று எழுதினால் தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் பழைய புத்தக வாசனை அடிக்கும். இதோடு ஒட்டிப் பிறந்த சொல் 'டூம்', பெருங்கேடு. 'எ சென்ஸ் ஆஃப் இம்பெண்டிங் டூம்' என்பது மருத்துவத்தில் நிஜமாகவே ஒரு அறிகுறி, மாரடைப்பிலும், கடுமையான ஒவ்வாமையிலும், பொருந்தாத ரத்தம் ஏற்றப்படும்போதும் நோயாளி என்னவோ நடக்கப்போகிறது என்று சொல்வதை டாக்டர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வகுப்பில் நர்ஸ் யாராவது இருந்தால் இந்த ஒரு உதாரணத்திலேயே வார்த்தை ஒட்டிக்கொள்ளும்.

என் வகுப்பில் ஒருவர் கேட்டார்: மாமியார் அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறார், அது அப்கமிங் விசிட்டா, இம்பெண்டிங் விசிட்டா? உங்கள் மாமியார் எப்படிப்பட்டவர் என்று திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இம்மினென்ட் என்று எழுதிக்கொண்டார்.

அவருக்கு வித்தியாசம் புரிந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. இம்மினென்ட்டில் தொங்கல் கிடையாது, தூரமே கிடையாது. இதற்குச் சீனத்தில் பொருத்தம் பார்த்து வைத்த மாதிரி ஒரு தொடர் இருக்கிறது: 'போ ட்ஸாய் மெய் ஜியே', புருவத்திலும் இமையிலும் வந்து அழுத்துகிறது. அவ்வளவு கிட்டே. கண்ணை மூடித் திறக்கக்கூட இடமில்லை. லத்தீன் வேரைத் தோண்டினால் இம்மினென்ட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்பது என்றுதான் வரும். தயவுசெய்து அதை வகுப்பில் சொல்லாதீர்கள், இப்போதுதான் பிரித்துவைத்தோம், மறுபடி இரண்டையும் கலந்துவிடுவார்கள். வேர்ச்சொல் நமக்கு சுவாரஸ்யம், அவர்களுக்கு அது உதவும் இடத்தில் மட்டும் சொன்னால் போதும்.

நேரக் கணக்கை உறைக்கவைக்க சீன வானிலை எச்சரிக்கையையே பயன்படுத்தினேன். அங்கே புயலுக்கு நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறம், ஒவ்வொன்றும் காற்றின் வேகத்தையும் நேரத்தையும் வைத்து. நீலமும் மஞ்சளும் 24 மணி நேரக் கணக்கு, ஆரஞ்சு 12, சிவப்பு 6. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கைபேசியில் தினம் பார்ப்பது. நீலத்துக்கு 'அப்ரோச்சிங்' போதும். சிவப்பு வந்துவிட்டால் இம்மினென்ட். இந்த எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் சீனத்தில் 'யூஜிங்' என்று ஒரே பெயர், நிறம்தான் மாறும். அமெரிக்காவில் நிறத்துக்குப் பதிலாக வார்த்தையை மாற்றுகிறார்கள், 'ஹரிக்கேன் வாட்ச்' என்றால் பலத்த காற்று தொடங்க ஏறக்குறைய 48 மணி நேரம் முன்னால் வருவது, புயல் தாக்க வாய்ப்பு இருக்கிறது, கவனமாக இரு என்று. 'ஹரிக்கேன் வார்னிங்' 36 மணி நேரம் முன்னால், தாக்கும் என்றே எதிர்பார்க்கிறோம் என்று. இரண்டையும் 'யூஜிங்' என்று மொழிபெயர்த்துப் படிக்கிற சீன மாணவர் அமெரிக்காவில் மாட்டிக்கொள்வார், அங்கே போகிறவர்கள் இருந்தால் இதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

இம்மினென்ட்டுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு, சட்டத்தில். 1837 டிசம்பரில் கனடாவிலிருந்து பிரிட்டிஷ் படை இரவோடு இரவாக நயாகரா ஆற்றைக் கடந்து, கனடாக் கலகக்காரர்களுக்கு உதவிக்கொண்டிருந்த கரோலின் என்ற அமெரிக்கக் கப்பலுக்குத் தீவைத்து ஆற்றோடு விட்டுவிட்டது. தற்காப்பு என்றார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் 1841இல் எழுதிய பதிலில், தற்காப்பு என்று சொல்ல வேண்டுமானால் அந்தத் தேவை உடனடியானதாக, மீறமுடியாததாக, வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இடம்கொடுக்காததாக, யோசிக்க ஒரு கணமும் விடாததாக இருக்க வேண்டும் என்றார். பன்னாட்டுச் சட்டத்தில் இம்மினென்ட் த்ரெட் என்று இன்று பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்பார்கள். யோசிக்க ஒரு கணமும் விடாதது, அதுதான் புருவத்தில் அழுத்துவது. ஒரு நாட்டுத் தலைவர் செய்தியாளர் முன்னால் இம்மினென்ட் என்ற சொல்லைப் போட்டால் அதற்குப் பின்னால் குண்டு போடுவதற்கான நியாயம் இருக்கிறது என்று அர்த்தம், 'அப்கமிங்' என்று சொன்னால் அந்த நியாயம் கிடைக்காது. செய்தி படிக்கிற மாணவர்களுக்கு இதைச் சொன்னேன், மற்றவர்களுக்கு விட்டுவிட்டேன்.

இம்பெண்டிங் மாதிரி இல்லாமல் இது எங்கே வேண்டுமானாலும் உட்காரும், 'வார் இஸ் இம்மினென்ட்' சாதாரணம். நல்ல விஷயத்துக்கும் வரும், குழந்தை பிறக்கப்போவதை இம்மினென்ட் என்று சொல்லலாம். 'வெரி இம்மினென்ட்' மட்டும் வேண்டாம். ஏற்கெனவே இமையில் நிற்கிறது, இன்னும் எங்கே கிட்டே வரும். எமினென்ட், அதாவது புகழ்பெற்ற, என்ற இரட்டைப்பிறவியையும் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் 'இம்மினென்ட் ப்ரொஃபசர்' என்று எழுதி, பேராசிரியர் எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்கிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்து லூம். எனக்குப் பிடித்த வார்த்தை, சொல்லித் தர ரொம்பக் கஷ்டமானதும் இதுதான். துணி நெய்கிற தறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எழுத்து மட்டும் ஒன்று. இது மாலுமிகள் சொல். பனிமூட்டத்தில் ஒரு கப்பலோ கரையோ தெளிவில்லாமல் தெரியும், இருப்பதை விடப் பெரிதாகத் தெரியும். அதுதான் லூம். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் நேரடியாகக் கண்ணில் படுவதற்கு முன்னால், தொடுவானத்துக்குக் கீழேயிருந்து வானத்தில் லேசான ஒளி மட்டும் தெரியுமே, அதற்கும் கடலில் லூம் என்றே பெயர். ஆக மூன்று சங்கதி இதில் ஒன்றாக இருக்கிறது: கண்ணுக்குத் தெரிகிறது, தெளிவாகத் தெரியவில்லை, பெரிதாகிக்கொண்டே போகிறது. இந்த மூன்றாவது விஷயம் நம் உடம்பிலேயே இருக்கிறது. 1962இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் ரீசஸ் குரங்குகளுக்கு முன்னால் திரையில் ஒரு நிழலை வேகமாகப் பெரிதாக்கிக் காட்டினார்கள், வெறும் நிழல்தான், குரங்குகள் பின்னால் பாய்ந்தன. நிழலைச் சிறிதாக்கினால் பயப்படவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வைத்த பெயரும் லூமிங்.

சீன அகராதி லூமுக்கு 'யின்ஷியென்' என்று போடும், மறைந்தும் தெரிந்தும் இருப்பது. தூரத்து மலைக் கோபுரத்துக்கு அழகாகப் பொருந்தும், பயம் துளியும் இருக்காது. வளர்ச்சியும் இருக்காது. ஆகவே மாணவர்கள் நிலா மேகத்துக்குள் தெரிவதற்கெல்லாம் லூம் போடுகிறார்கள். ஒரே தொடரில் இதைப் பிடிக்கச் சீனத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தாங் அரச வம்சக் காலத்துக் கவிதை வரி ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் பள்ளியிலிருந்தே தெரியும்: 'ஹெய் யுன் யா செங்', கருமேகம் நகரத்தின் மேல் அழுத்துகிறது, மதில் இடிந்துவிடும் போல் இருக்கிறது. எதிரிப் படையைத்தான் கவிஞன் மேகம் என்கிறான். இதில் எடை இருக்கிறது, நிழல் இருக்கிறது, மூட்டம் மட்டும் இல்லை. அகராதியின் யின்ஷியென்னையும் இந்தக் கருமேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டையும் பெருக்கினால் லூம் என்றேன். கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார் வகுப்பில், அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

வாக்கியத்தில் ஆபத்துதான் எழுவாய். 'எ ஸ்ட்ரைக் லூம்ஸ்', 'டெட்லைன்ஸ் லூம்', 'லேஆஃப்ஸ் ஆர் லூமிங்'. பத்திரிகைத் தலைப்புக்காரர்களுக்கு இது செல்லப்பிள்ளை, நாலெழுத்தில் முடிந்துவிடுகிறதே. 'லூம் டு அஸ்' என்று எழுதுவார்கள், 'லூம் ஓவர்' என்று திருத்துங்கள். உச்சரிப்பும் தகராறுதான். சீனப் பொதுமொழியில் எந்தச் சொல்லும் 'ம்' என்று முடிவதில்லை, அதனால் லூம் என்பது லூன் என்றோ லூங் என்றோ கேட்கும், சிச்சுவான், ஹூனான் பக்கத்து ஆள் என்றால் முதலெழுத்து 'ல'வும் 'ந'வும் குழம்பி நூன் என்றாகிவிடும். குவாங்டோங் பக்கத்து மொழியான கான்டனீஸ் பேசுகிறவர்களுக்கு 'ம்' பிரச்சினை இல்லை, மூன்று என்பதற்கே அவர்கள் 'ஸாம்' என்பவர்கள். உதட்டை மூடி ஒரு நொடி வைத்திரு என்று சொன்னால் போதும்.

மெனசிங், ஆமினஸ் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். இவற்றுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மற்ற மூன்றும் எப்போது வரும், எவ்வளவு கிட்டே என்பதைச் சொல்கின்றன, இவை இரண்டும் பார்த்தால் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. ஒன்றாகச் சேர்த்துப் பட்டியல் போட்டதுதான் நாம் செய்த பெரிய தப்பு என்று நினைக்கிறேன். மெனசிங்கிற்கு ஒரு முகம் வேண்டும். முறைக்கிற கண், உறுமுகிற நாய், கையில் தடியோடு நெருங்குகிறவன். சீனத்தில் 'ஹூ ஷி டான் டான்', புலி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது. ஆமினஸுக்கு முகமே கிடையாது, வெறும் அறிகுறி, நாம் சொல்கிற அபசகுனம். ஓமன் என்ற சொல்லிலிருந்து வந்தது, சீன அகராதி 'பூஷியாங்' என்று போடும், மங்கலமில்லாதது, சரியான பொருள்தான். ஆனால் படமாக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு தாங் காலத்து வரி கைவசம் இருக்கிறது, இப்போது பழமொழியாகவே ஆகிவிட்டது: 'ஷான் யூ யூ லாய், ஃபெங் மான் லோ'. மலையில் மழை வரப்போகிறது, மாடம் முழுக்கக் காற்று. மழை இன்னும் வரவில்லை, ஒரு சொட்டு இல்லை, காற்று மட்டும் அறைக்குள் நிறைந்துவிட்டது. ஆமினஸ் சைலன்ஸ், ஆமினஸ் க்ளவுட்ஸ் எல்லாம் அந்தக் காற்றுதான். மாங்குட் வந்த அன்று காலை காற்று நின்றுபோனதைப் பற்றி எழுதியவருக்கு இந்த வார்த்தையைத்தான் கொடுத்தேன். தெருமுனையில் நிற்கிற முரடனை 'ஆமினஸ் மேன்' என்று எழுதினால், புலியா காற்றா என்று மட்டும் கேளுங்கள், அவர்களே திருத்திக்கொள்வார்கள். வானத்துக்கு இரண்டும் வரும் என்பது உண்மை, முகம் இருக்கிற மாதிரி நினைத்தால் மெனசிங், அதைப் பற்றி யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

வினைச்சொற்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இங்கே அவ்வளவு சிக்கல் இல்லை. சீனத்தில் 'பீஜின்' என்று ஒன்று உண்டு, நெருக்கிக்கொண்டு கிட்டே வருவது, ஆங்கிலத்தில் இது இரண்டாகப் பிரியும். ஒரே பெரிய பொருள் நேராக உங்கள் மேல் வந்தால் 'பேர் டவுன் ஆன்', புயலுக்கும் லாரிக்கும் இதுதான். பல பக்கத்திலிருந்து வளைத்தால் 'க்ளோஸ் இன் ஆன்', போலீஸ், எதிரிப்படை, ஓநாய்க் கூட்டம். ஒரே லாரி 'க்ளோஸ் இன்' ஆகாது. தானாக உள்ளுக்குள் பொங்கித் தயாராகிறது என்றால் 'ப்ரூயிங்', டீ ஊறுவதற்குச் சொல்கிற அதே சொல், டீ குடிக்கிற நாட்டில் இதை விளக்கவே வேண்டாம். மறைந்து உட்கார்ந்திருப்பது 'லர்க்', அது நகராது, ஆகவே 'லர்க்கிங் டுவர்ட்ஸ் அஸ்' கிடையாது. அப்புறம் 'அப்ரோச்' என்பதற்குப் பின்னால் 'டு' போடுகிற வியாதி, 'தி டைஃபூன் அப்ரோச்ட் டு த சிட்டி' என்று. பெயர்ச்சொல்லாக இருக்கும்போது 'டு' உண்டு, வினையாக இருக்கும்போது கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி வரும், நானும் கைவிட்டுவிட்டேன்.

'இன்பவுண்ட்' என்ற சொல்லை ஒரே ஒரு சம்பவத்துக்காகச் சொல்லிக்கொடுத்தேன். 2018 ஜனவரி 13 காலை எட்டு மணி தாண்டியதும் ஹவாயில் எல்லோர் கைபேசியிலும் 'பேலிஸ்டிக் மிஸைல் த்ரெட் இன்பவுண்ட் டு ஹவாய்' என்று செய்தி வந்தது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போ, இது ஒத்திகை இல்லை என்று. ஏவுகணை எதுவும் வரவில்லை, தவறுதலாகப் போன செய்தி. அதை மறுத்துக் கைபேசிக்கு அடுத்த செய்தி வர 38 நிமிடம் ஆனது. பார்த்தீர்களா, அந்தச் செய்தியில் லூமும் இல்லை இம்மினென்ட்டும் இல்லை. விமான நிலையப் பலகையில் எழுதுகிற வெறும் அலுவலக வார்த்தை, இந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும். வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒரு பெண், இதுதான் சார் எல்லாவற்றிலும் பயமாக இருக்கிறது என்றாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான்.

ஒரு தப்பை மட்டும் கட்டாயம் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அழகுக்காக, இது உயிருக்காக. சீனத்தில் 'வோ ஹென் வெய்ஷியென்' என்றால் நான் ஆபத்தில் இருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், நான் ஆபத்தானவன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அதை அப்படியே கொண்டுவந்து 'ஐ ஆம் டேஞ்சரஸ்' என்பார்கள். அவசரத்துக்குப் போலீஸை அழைத்து ஒருவர் இப்படிச் சொன்னால் யாரை முதலில் மடக்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'ஐ ஆம் இன் டேஞ்சர்', இதை மட்டும் முதல் வகுப்பிலேயே சொல்லவைத்துவிடுங்கள். பாண்டாக்கள் டேஞ்சரஸ் அனிமல்ஸ் என்பதும் இதே கோளாறுதான், 'எண்டேஞ்சர்ட்', அழியும் ஆபத்தில் இருப்பவை, என்று சொல்ல நினைத்தது. 'ஐ ஃபீல் த்ரெட்டனிங்' கூட அப்படியே, பயந்தவரே பயமுறுத்துகிறவர் ஆகிவிடுகிறார்.

இன்னொன்று, நீங்கள் வகுப்பைக் கலகலப்பாக்க நினைத்து, சீனத்தில் நெருக்கடிக்கான 'வெய்ஜி' என்ற சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் சேர்ந்தே இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். கென்னடி ஜனாதிபதி ஆவதற்கு முன்னாலேயே, 1959இல், மேடையில் சொன்னார், அதற்கப்புறம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் யாரும் விடவில்லை. அந்த 'ஜி' வாய்ப்பு இல்லை, ஒரு விஷயம் திரும்புகிற முக்கியமான கட்டம். வாய்ப்பு என்ற சொல்லிலும் அந்த எழுத்து வருகிறது, அவ்வளவுதான். நான் சொன்னேன், வகுப்பு மரியாதையாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பயிற்சி கேட்டிருந்தீர்கள். நான் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், வாராவாரம் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பேன். ஒரே சம்பவத்தை ஐந்து நேரத்தில் எழுதச் சொல்வது: மூன்று நாள் முன்னால், முந்தின நாள், அன்று காலை, ஒரு மணி நேரம் முன்னால், கதவைத் தட்டும்போது. புயல்தான் வேண்டுமென்பதில்லை, பரீட்சை, வீட்டுக்காரர் வாடகை கேட்டு வருவது, விசா முடிவது, எதுவும் சரி. 'கமிங்' ஒரே ஒரு முறைதான் வரலாம், அதுவும் யாராவது வாயால் கத்துகிற இடத்தில். முதலில் சீனத்தில் எந்தப் படம் மனதில் வருகிறது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள், தலையா, இமையா, மேகமா, புலியா, காற்றா என்று. அப்புறம் ஆங்கிலம். ஆரம்பத்தில் ஓரம் நிறைய எழுத்தாக இருக்கும், இரண்டு மாதத்தில் காலியாகிவிடும். ஃபோர்போடிங், போர்டென்டஸ் மாதிரி வார்த்தைகளை அதற்கு முன்னால் உள்ளே விடாதீர்கள், பரீட்சைப் புத்தகத்தில் இருந்தாலும் சரி, என் நான்கு வருடத்தில் ஒரு மாணவருக்கும் அவை பேச்சில் தேவைப்பட்டதில்லை.